கடலையில் அலை அடிக்குமா?

போன கிழமை தரம் 3 பிள்ளையொன்று செயலட்டையைக் கொண்டுவந்து கேட்டது: "சேர், கடலையில எப்படி அலை அடிக்கும்?"

தாளை வாங்கிப் பார்த்தேன். 'கடல் அலை' என்றுதான் அடித்திருக்கிறார்கள். சாய்ந்த, கையெழுத்துப் பாணி எழுத்துரு. போட்டோக்கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியிலிருந்து இன்னொரு கொப்பி எடுத்ததில் 'ல்' மேலிருந்த புள்ளி காணாமல் போய்விட்டது. மிஞ்சியது 'கடல அலை'. பிள்ளையில் என்ன பிழை? கடற்கரையில் கடலைச் சரையோடு நடந்து வளர்ந்த பிள்ளை. அதற்கு இரண்டும் தெரியும்.

இப்போது வட்ஸ்அப்பில் வரும் செயலட்டை, மாதிரி வினாத்தாள் எல்லாவற்றுக்கும் இந்தப் பாணிதான். ஜனாஸா அறிவித்தல்கூட அதில் வருகிறது. மௌத்துச் செய்திக்குத் துள்ளுகிற எழுத்தா? கேட்டால், "வாசிக்கிறவருக்கு நெருக்கமாக இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்கிறார்கள்.

எழுத்துருவில் குற்றமில்லை. நம் நாட்டவரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' எழுத்துருவைப் பாருங்கள். பேனையால் சாய்த்து எழுதியதுபோல அழகாக இருக்கும். இலவசமாகவும் கிடைக்கிறது. கலியாணக் கார்டுக்குப் போடுங்கள், வாழ்த்து அட்டைக்குப் போடுங்கள். அங்கே பெரிய எழுத்தில் நாலு வரி. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு அப்படியான எழுத்தில் ஒரு பக்கம் முழுக்க, பொடியாக அடித்துக் கொடுப்பது வேறு விஷயம்.

சிலர் கொமிக் சான்ஸைக் காட்டி வாதாடுகிறார்கள். மைக்ரோசொஃப்டில் வின்சென்ட் கொனேர் 1994இல் அதை வரைந்தது, கணினித் திரையில் ஒரு கார்ட்டூன் நாய் பேசும் வசனத்துக்காக. வாசிப்பில் இடர்ப்படுவோருக்கு ஏற்ற எழுத்துருக்களில் ஒன்றாகப் பிரித்தானிய டிஸ்லெக்சியா சங்கம் அதைச் சொல்வது உண்மைதான். ஆனால் அது சாயாமல் நிற்கும் எழுத்து, அதுவும் ஆங்கிலத்துக்கு. ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தின் புள்ளி அழிந்தாலும் சொல் பிழைத்துக்கொள்ளும். தமிழில் புள்ளி அழிந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். 'ர'வும் துணைக்காலும் சாய்ந்தால் எது எதுவென்று பெரியவர்களுக்கே சந்தேகம் வரும்.

நெருக்கம் என்பதும் வெறும் பேச்சு. கையால் எழுதினால் பத்து 'க'வும் பத்து விதமாக வரும். எழுத்துருவில் பத்தும் ஒரே அச்சு. பிள்ளையோடு நெருங்க வேண்டுமா? தாளின் அடியில் பேனையால் "கெட்டிக்காரன் மகன்" என்று ஒரு வரி எழுதுங்கள். பிள்ளை அதை உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டும்.

அன்பான ஆசிரியர்களே, அடுத்த தவணை வினாத்தாளை நேரான எழுத்துருவில், 16 அளவில் அடியுங்கள். முதலில் ஒரே ஒரு கொப்பி எடுத்து, புள்ளிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு மிச்சத்தை எடுங்கள்.

தாளில் புள்ளியைத் தொலைப்பது நாங்கள். புள்ளி குறைவது பிள்ளைக்கு.