திரும்பிப் பார்க்காமல் நட!



மலரில் எல்லோரும் நட்பு, காதல், வேலைவாய்ப்பு என்று எழுதும்போது, இவன் என்னடா சாவைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று முகம் சுளிக்காதீர்கள். அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்துவிட்டுப் படிக்க வந்தவர்கள் நம் விடுதியிலேயே இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

"சடங்காவது, சம்பிரதாயமாவது! செத்தவங்க வாயில அரிசி போட்டா திங்கவா போறாங்க?" முதலாமாண்டில் ரூமில் உட்கார்ந்து இப்படிச் சத்தமாகப் பேசியவன் நான்தான்.

இரண்டாமாண்டு பாதியில் அப்பா இறந்தார். ஊர் போய் இறங்கியபோது எனக்கு அழுகை வரவில்லை. திண்ணையில் கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். பெரியப்பாதான், "எந்திரிடா, உங்கப்பனைக் குளிப்பாட்டணும், தண்ணி எடுத்துட்டு வருவோம்" என்று கையைப் பிடித்துத் தூக்கினார்.

அன்று முழுக்க யாராவது ஒருவர் எனக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நீர்மாலை எடுத்து வந்தேன். அப்பா தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தேன். சின்ன வயதில் சனிக்கிழமை தோறும் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர் அவர்... அப்போதுதான் அழுகை உடைந்தது. வாய்க்கரிசி போடும்போது, அவர் சாப்பிடுவாரா என்ற கேள்வியே எனக்கு வரவில்லை. இத்தனை வருஷம் சோறு போட்டவருக்கு நான் போடும் கடைசிப் பிடி அது. அவ்வளவுதான் தோன்றியது.

சுடுகாட்டில் தோளில் தண்ணீர்க் குடத்தோடு மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு ஓட்டை போட்டார்கள். குடம் உடம்பு, தண்ணீர் உயிர் என்று பெரியவர்கள் இதற்குப் பொருள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தண்ணீர் ஒழுக ஒழுகத் தோளில் பாரம் குறைந்தது. கடைசியில் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுக் கொள்ளி வைத்தேன். "திரும்பிப் பாக்காம நட" என்றார்கள். நடந்தேன்.

மறுநாள் பால் தெளிப்பு. இதற்குக் 'காடாற்று' என்றும் பெயர். எரிந்த இடத்தைப் பாலும் நீரும் தெளித்து ஆற்றுவது. 'ஆறுதல்' என்ற சொல்லும் இதே 'ஆறு'தலில் இருந்து வந்ததுதானே! பிறகு திருவரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் இறங்கி அஸ்தியைக் காவிரியில் கரைத்தோம். பதினாறாம் நாள் கருமாதி. தாய்மாமன் எனக்கு உருமால் கட்டினார். இனி குடும்பம் உன் பொறுப்பு என்று அர்த்தம்.

மெக்கானிக்கல்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழுக்கக் காய்ந்த எஃகைத் தண்ணீரில் முக்கினால் கெட்டிப்படும், விரிசலும் விடலாம். உலையிலேயே வைத்து மெல்ல ஆறவிட்டால் உள்ளிருக்கும் இறுக்கம் தளரும். இதைத்தான் 'அனீலிங்' என்று படிக்கிறோம். பதினாறு நாளும் மனசுக்கு அப்படி ஓர் அனீலிங்தான் என்பது என் கருத்து. 2020, 2021 கொரோனா காலத்தில், உறையில் சுற்றிய உடலைத் தொடக்கூட முடியாமல் தூர நின்று திரும்பிய குடும்பங்கள் எத்தனை! அவர்களில் பலருக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அதற்காக எல்லாச் சடங்கும் நல்லது என்று வாதாட நான் வரவில்லை. ஊர் கூட்டி வைத்துப் பொட்டை அழித்துத் தாலியை வாங்குவது எந்த மனசை ஆற்றும்? அம்மாவுக்கு அது வேண்டாம் என்று நான் அடம்பிடித்தேன். பாதிதான் ஜெயித்தேன். கடன் வாங்கிக் கருமாதி விருந்து போடுவதும், செத்த பிறகும் சாதிக்கொரு சுடுகாடு என்று பிரிப்பதும் நமக்கு வெட்கக்கேடு!

என் அக்காவைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள். பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாதாம். அவள் இன்றைக்கும், "அப்பா வேலைக்குப் போயிட்டு வந்துடுவாருன்னே இருக்குடா" என்கிறாள். எனக்கு அந்த மூன்று சுற்று கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. சடங்கில் ஒன்றுமில்லை என்பவர்களுக்கும், பெண்ணுக்கு அதில் இடமில்லை என்பவர்களுக்கும் என் அக்காதான் பதில்.

ஆகவே தோழர்களே, நாளை நம் வீடுகளில் முடிவெடுக்கும் இடத்தில் நாம் இருப்போம். ஆற்றுவதை வைத்துக்கொள்வோம், அறுப்பதை விட்டுவிடுவோம். அக்கா, தங்கையையும் உடன் அழைத்துப் போவோம். நண்பன் வீட்டில் துக்கம் என்றால் வாட்ஸ்அப்பில் மாலைப் படம் அனுப்பியதோடு நிற்காதீர்கள். பஸ் பிடித்துப் போங்கள். "பதினாறும் முடிச்சுட்டு வாடா, ரெக்கார்டு நோட்டை நாங்க எழுதி வைக்கிறோம்" என்று சொல்லுங்கள். எனக்கு அப்படிச் சொன்ன நண்பர்கள் இதே விடுதியில்தான் இருக்கிறார்கள்.

அன்று திரும்பிப் பார்க்காதே என்று சொன்ன அதே பெரியவர்கள்தான், ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை என்று நினைத்துப் பார்க்க நாளும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். வருகிற ஆடி அமாவாசைக்கு அம்மா மண்டபம் போகிறேன். இந்தமுறை அக்காவும் வருகிறாள்.

- மூன்றாமாண்டு, இயந்திரவியல்