கிரியேட்டின் வேறு, கிரியேட்டினின் வேறு!

ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் உள்ள பல வீடுகளில், அலமாரியில் ஒரு புது டப்பா வந்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வெள்ளைப் பொடி. மேலே ‘கிரியேட்டின்’ என்ற பெயர். ‘இது ஸ்டீராய்டு ஆச்சே, கிட்னி போயிடும்’ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். ‘எல்லாரும்தான் சாப்பிடுறாங்க’ என்கிறார்கள் பிள்ளைகள். உண்மை என்ன?

உடம்பே தயாரிக்கும் பொருள்

கிரியேட்டின் ஸ்டீராய்டு அல்ல, ஹார்மோனும் அல்ல. சிறுநீரகமும் கல்லீரலும் அமினோ அமிலங்களைக் கொண்டு நாள்தோறும் சுமார் 1 கிராம் கிரியேட்டினைத் தயாரிக்கின்றன. மீனும் இறைச்சியும் சாப்பிடுகிறவர்களுக்கு உணவிலிருந்தும் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கிறது. 70 கிலோ எடையுள்ளவரின் உடம்பில் சுமார் 120 கிராம் இருக்கும். அதில் 95 சதவிகிதம் தசைகளில்தான். 1832-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் இதை இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்தார். அதனால் இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இதற்குப் பெயர் வந்தது.

அவசரத்துக்குக் கைமாற்று

செல்கள் எந்த வேலை செய்தாலும் அதற்குச் செலவாகும் காசு, ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. ஓடிப்போய் பஸ் பிடிக்கும்போதும், கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போதும் தசையில் இருக்கும் ஏ.டி.பி. சில நொடிகளிலேயே தீர்ந்துவிடும். சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துப் புதிதாகத் தயாரிக்கலாம். ஆனால், அது பேங்க்கில் வரிசையில் நின்று பணம் எடுப்பதுபோல நேரம் பிடிக்கும். அதுவரை பக்கத்து வீட்டுக்காரர் தரும் கைமாற்றுபோல உதவுவது பாஸ்போகிரியேட்டின். தன்னிடமுள்ள பாஸ்பேட்டைக் கொடுத்து, செலவான ஏ.டி.பி.யை உடனே மீட்டுத் தருகிறது. இந்தக் கைமாற்று சுமார் 10 நொடிகளுக்குத் தாங்கும். சில நிமிடங்கள் ஓய்வெடுத்தால் இருப்பு மறுபடியும் நிரம்பிவிடும்.

இந்தப் பாஸ்போகிரியேட்டினைக் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர். அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து 1927-ல் இதை வெளியிட்டார். லாக்டிக் அமிலம்தான் தசையை இயக்குகிறது என்ற அதுவரையிலான நம்பிக்கையை மாற்ற இந்தக் கண்டுபிடிப்பு உதவியது.

ரிப்போர்ட்டில் வரும் குழப்பம்

தசையிலுள்ள கிரியேட்டினில் தினமும் 1 முதல் 2 சதவிகிதம் ‘கிரியேட்டினின்’ என்ற கழிவாக மாறுகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றும். சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் அது தேங்கும். அதனால்தான் கிட்னி பரிசோதனையில் கிரியேட்டினின் அளவைப் பார்க்கிறார்கள்.

கிரியேட்டின் பொடி சாப்பிடுகிறவருக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இந்த எண் கொஞ்சம் கூடுதலாக வரலாம். தசை அதிகமுள்ளவர்களுக்கும், முந்தின இரவு நிறைய இறைச்சி சாப்பிட்டவர்களுக்கும் அப்படி வருவது உண்டு. தலைகீழாகவும் நடக்கும். தசை வற்றிய ஒல்லியான முதியவருக்கு எண் ‘நார்மல்’ என்று வந்தாலும், சிறுநீரகம் பலவீனமாகியிருக்கலாம்.

எனவே, எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம்; ‘பொடியால்தான்’ என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். பொடி சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின்-சி ரத்தப் பரிசோதனையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையும் தெளிவு தரும்.

யாருக்குப் பயன்?

எடை தூக்குதல், குறுகிய தூர ஓட்டம் போன்ற நொடிநேர வேகத்துக்கு இது கைகொடுக்கும். விளையாட்டு வீரர்களுக்கான தடைப் பட்டியலில் இது இல்லை. காய்கறி, பருப்பில் கிரியேட்டின் அநேகமாக இல்லை என்பதால், சைவர்களின் தசையில் இருப்பு சற்றுக் குறைவு. அது நோய் அல்ல. தேவையானதை உடம்பே தயாரித்துக்கொள்ளும். ஆனால், பொடி எடுத்தால் அவர்களுக்கு இருப்பு அதிகமாக உயரும்.

வயதானவர்களுக்குத் தசைப் பயிற்சியோடு சேரும்போது வலிமை ஓரளவு கூடுகிறது. பயிற்சி இல்லாமல் பொடி மட்டும் சாப்பிட்டால் பெரிதாகப் பலன் இல்லை. ஞாபகசக்திக்கு உதவுமா என்ற ஆய்வுகள் இன்னும் நடக்கின்றன. அதை நம்பி வாங்க வேண்டாம்.

மிக அரிதாகச் சில குழந்தைகள் கிரியேட்டினைத் தயாரிக்க முடியாத மரபணுக் குறையோடு பிறக்கிறார்கள். பேச்சு தாமதமாகும், வலிப்பும் வரலாம். அவர்களுக்குக் கிரியேட்டினே முக்கியமான மருந்து. எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

வாங்கும் முன்...

* ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதும். தசை நிரம்பிய பிறகு, கூடுதலாகச் சாப்பிடுவது சிறுநீரில்தான் போகும்.

* தொடக்கத்தில் 1, 2 கிலோ எடை கூடலாம். அது தசையில் சேரும் நீர், கொழுப்பு அல்ல.

* கிரியேட்டின் மோனோஹைட்ரேட்தான் அதிகம் ஆராயப்பட்ட வகை. டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் தெரியாத கலவைப் பொடிகள் வேண்டாம்.

* சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள் முதலில் சிறுநீரகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பொடி தொடங்கும் முன்பே எடுத்த ரிப்போர்ட் கையில் இருந்தால், பிறகு எண் மாறும்போது ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு அதுதான் உதவும்.