வெயிலில் இயங்கும் குளிர்பதனம்: அவசரம் வேண்டாம்

விலை சரிந்தால் தக்காளியை வயலோரம் கொட்டுகிறோம். குளிர்பதன அறை இருந்தால் சில நாட்கள் காத்திருக்கலாம். ஆனால் மின்கட்டணம் கையைக் கடிக்கும். இதற்குத் தீர்வாகப் பேசப்படுவது, சூரிய வெப்பத்தில் இயங்கும் ‘அட்சார்ப்ஷன் சில்லர்’.

மாத்திரை டப்பாவில் ஈரத்தை இழுக்கும் பொட்டலம் இருக்குமே, அந்த சிலிக்கா ஜெல்தான் இதில் கம்ப்ரசருக்குப் பதில். காற்று நீக்கிய கலனில் தண்ணீர் ஆவியாகும்போது குளிர்ச்சி உண்டாகிறது. அந்த ஆவியை ஜெல் ஈர்த்துக்கொள்கிறது. 60 முதல் 90 டிகிரி வெந்நீரால் சூடாக்கினால் ஜெல் உலர்ந்து மறுபடி தயாராகிவிடும். அந்த வெந்நீரை சோலார் ஹீட்டரே தரும்.

ஆனால், 1 பங்கு வெப்பத்துக்குச் சுமார் அரைப் பங்கு குளிர்ச்சியே கிடைக்கும். இயந்திரம் பெரியது, விலையும் அதிகம். இரவில் இயக்க வெந்நீரைச் சேமிக்க வேண்டும். 13 டிகிரியை ஒட்டி வைக்க வேண்டிய வாழை, தக்காளிக்கு இது பொருந்தும். மீனை உறையவைக்க உதவாது. கூடுதல் ஆவியை ஈர்க்கும் புதிய பொருட்களுக்கான ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

எனவே, கடன் வாங்கி இதில் தனியாக இறங்காதீர்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனக் கிடங்குகளில் அரசே இதை நிறுவி, ஓராண்டு இயக்கி, கிலோவுக்கு ஆகும் செலவைச் சொல்லட்டும். அந்தக் கணக்கைப் பார்த்து முடிவெடுங்கள்.