தொட்டுப் பார்த்துப் படிக்கட்டும்!

பத்தாம் வகுப்பு மாணவனிடம் மின்சுற்று பற்றிக் கேளுங்கள். படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவான். அதே மாணவனிடம் ஒரு பேட்டரி, இரண்டு துண்டு ஒயர், ஒரு சிறிய பல்பு கொடுத்து எரிய வைக்கச் சொல்லுங்கள். தடுமாறுவான். குற்றம் அவனுடையதல்ல. அதுவரை அவற்றை அவன் கையில் யாரும் கொடுத்ததில்லை!

அதே தெருவில் மெக்கானிக் கடையில் இருக்கும் இளைஞன் எஞ்சினையே பிரித்து மாட்டுகிறான். ஆனால் அதற்குப் பின்னால் உள்ள கணக்கு அவனுக்குத் தெரியாது. ஒருவனிடம் ஏடு இருக்கிறது. இன்னொருவனிடம் கை இருக்கிறது. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் பொறியாளன் உருவாவான். அதைச் செய்வதுதான் செய்முறை அறிவியல் பயிலரங்கம்.

இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறோம். பணம் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

மத்திய அரசின் நிதி ஆயோக் 2016ல் ‘அடல் டிங்கரிங் லேப்’ திட்டத்தைக் கொண்டு வந்தது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் தங்கள் கையாலேயே கருவிகள் செய்து பார்ப்பதற்கான கூடம் இது. முப்பரிமாண அச்சு இயந்திரம், சென்சார்கள், ரோபோ பாகங்கள் எல்லாம் உண்டு. தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். அமைக்க 10 லட்சம், ஐந்து ஆண்டுகள் நடத்த 10 லட்சம். நாடு முழுவதும் சுமார் 10,000 பள்ளிகளில் இக்கூடங்கள் அமைந்தன. அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 கூடங்கள் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

மாணவனின் புதிய யோசனைக்கு ‘இன்ஸ்பயர் மானக்’ திட்டத்தில் 10,000 ரூபாய் அவனுடைய வங்கிக் கணக்குக்கே வருகிறது. தமிழக அரசு 2022 நவம்பர் 28ல் திருச்சியில் ‘வானவில் மன்றம்’ திட்டத்தைத் தொடங்கி, 13,210 அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளிடம் பரிசோதனைப் பொருட்களைக் கொண்டு சேர்த்தது.

இவற்றில் நம் பிள்ளைகளின் பங்கு எவ்வளவு? 2006ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கையைப் புரட்டுங்கள். ஐ.ஐ.டி.களில் படித்த 27,161 பேரில் முஸ்லிம்கள் 894 பேர். அதாவது 3.3 சதவீதம்! அன்று நாட்டின் மக்கள்தொகையில் நாம் 13.4 சதவீதம். இந்தச் சரிவு நுழைவுத் தேர்வு நாளில் தொடங்குவதல்ல. ஆறாம் வகுப்பில், பூட்டிக் கிடக்கும் ஆய்வுக்கூட வாசலில் தொடங்குகிறது.

மானியம் வாங்கிய இடங்களிலும் ஒரு வேதனை உண்டு. “உடைந்துவிட்டால் யார் பொறுப்பு?” என்று கருவிகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அதிகாரி வரும் நாளில் மட்டும் தூசி தட்டப்படுகிறது. உடையட்டும்! பிள்ளைகள் கை பட்டு உடைந்த மோட்டார், புத்தம் புதிதாய்ப் பெட்டியில் தூங்கும் மோட்டாரைவிட மேலானது.

இராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை பறப்பதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. உடனே கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறக்கும் பறவைகளைக் காட்டினார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் அப்துல் கலாம். 1980ல் எஸ்.எல்.வி.3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து விண்ணேறியபோது அதன் திட்ட இயக்குநர் அவரே. அந்தக் கடற்கரைப் பாடத்துக்கு எந்த மானியமும் தேவைப்படவில்லை. அக்கறையுள்ள ஓர் ஆசிரியர் போதுமானவராக இருந்தார்.

வணிகப் பெருமக்களே! திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக் கல்லூரியும் 1951ல் எழுந்தது நம் முன்னோர்களின் கொடையால் அல்லவா? இன்று உங்களிடம் கட்டடம் கேட்கவில்லை. எலக்ட்ரிகல் கடைக்காரர் ஒயரும் ஸ்விட்சும் தரலாம். ஹார்டுவேர் கடைக்காரர் ஸ்குரு டிரைவரும் ஆணியும் தரலாம். ஒர்க்ஷாப் நடத்துபவர் மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்து பழைய பம்பு ஒன்றைப் பிரித்துக் காட்டலாம். அரசு மானியம் ஐந்தாண்டில் முடிந்த பிறகும் கூடம் மூடாமலிருக்க இந்தக் கைகள்தான் வேண்டும்.

இளைஞர்களே! பொறியியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் நாட்களில் உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். தலைமை ஆசிரியரைச் சந்தியுங்கள். எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்தார்கள், வந்த கருவி எங்கே இருக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோரிடம் இதைப் பேசச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளின் பள்ளியை மறந்துவிடாதீர்கள். சால்டரிங் இரும்புக்கு ஆண் பெண் என்ற பேதம் தெரியாது.

உரிமையைக் கேட்டுப் பெறுவது ஒரு வேலை. பெற்றதைப் பிள்ளையின் கையில் சேர்ப்பது அதைவிடப் பெரிய வேலை. இந்த இரண்டாவது வேலையில்தான் நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது? நாளையே விசாரியுங்கள்!