வண்ணம் மறைப்பதற்கன்று, காப்பதற்கே!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது பழமொழி. கசக்காமல் மேலே சாயம் பூசிக் கட்டு என்று நம் முன்னோர் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை இன்று நாம் மறந்து வருகிறோமோ என்பதே என் ஐயம்.

எங்கள் எம். புதுப்பட்டிப் பக்கம் இளைஞர் பலரும் விரும்புவது, முன்பக்கம் ‘ஷாக்’ வைத்த மலை மிதிவண்டியை. மேடு பள்ளத்தின் அதிர்ச்சியை அதன் முன் ஃபோர்க் தாங்கிக்கொள்ளும். ஆனால் சில மழைக்காலங்கள் கழிந்தால் பெயிண்ட் உரிகிறது, துரு ஏறுகிறது, உள்ளே இருக்கும் சுருள்வில் அசைய மறுக்கிறது. வசதி உள்ளவர் புதிது வாங்குகிறார். வசதியில்லாதவர் துருவின் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டு, ‘புது வண்டி போல இருக்கிறது’ என்று மகிழ்கிறார். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை.

மலை மிதிவண்டியின் வரலாற்றைப் பாருங்கள்! அது பிறந்ததே பழைய வண்டிகளிலிருந்துதான். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்னும் மாவட்டத்து இளைஞர்கள், 1930-களிலும் 40-களிலும் செய்யப்பட்ட தடித்த டயர் மிதிவண்டிகளைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து மலைச்சரிவில் ஓட்டினர். 1976-இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்திற்கு ‘ரீபேக்’ என்று பெயர். சரிவில் இறங்கி முடிப்பதற்குள் பிரேக்கில் இருந்த கிரீஸ் புகையாகிவிடும். மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது. ஷாக் வைத்த ஃபோர்க்கைப் பரவச் செய்த ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 1989-இல்தான் தோன்றியது. பழையதைப் பிரித்துப் பார்க்கத் துணிந்த கைகளே புதியதைப் படைத்தன என்பதை யார் மறுக்க இயலும்?

என் தம்பிக்காகப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஒரு வண்டியின் ஃபோர்க்கை வீட்டிலேயே சீர்செய்தேன். அப்போது நம் வகுப்பறைப் பாடம் துணைக்கு வந்தது. துரு என்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு. அது நுண்துளை உடையது. மேலே பெயிண்ட் அடித்தாலும் உள்ளே ஈரமும் காற்றும் இருக்குமானால் அரிப்பு நிற்காது. ஆகவே துருவைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் தெரிந்த பிறகே ரெட் ஆக்சைடு பூச வேண்டும்.

ஆனால் எல்லா ஃபோர்க்கும் இரும்பன்று. காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் வெளிக்குழாய் பெரும்பாலும் அலுமினியக் கலவை. விலை உயர்ந்தவற்றில் மக்னீசியக் கலவையும் உண்டு. அலுமினியத்தின் மேல் சாதாரணப் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. அதற்கென உள்ள பிரைமர் வேண்டும். பழைய பெயிண்டை எடுக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் அலுமினியமே கரையும். ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். பளபளக்கும் உள்குழாயின் மேல் ஒரு சொட்டுப் பெயிண்டும் படக்கூடாது. அது ஏறி இறங்கும் இடம். தாள் சுற்றி மறைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

நம் பகுதியினருக்கு ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அலுமினியப் பொடி என்ன செய்யும் என்பதைப் பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனோடு துருப்பொடியும் கலந்தால், தண்டவாளத்தை ஒட்ட வைக்கும் ‘தெர்மிட்’ கலவைக்கு வேண்டிய இரு பொருள்களும் சேர்ந்துவிடுகின்றன. எனவே உலர்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் விட்டு, வாட்டர் பேப்பரால் தேய்ப்பதே நல்லது. பெயிண்ட், தின்னர் வேலையை அடுப்புக்கு அருகில் செய்யாமல் திறந்த வெளியில் செய்யுங்கள். ஆலைக்குப் போய்வந்த உடையோடு இவ்வேலைக்கு உட்காராதீர்கள்.

இவற்றைவிட முக்கியமானது இன்னொன்று. இரு கால்களும் மேலே சேரும் இடத்திலும், சக்கர அச்சு பொருந்தும் இடத்திலும் விரிசல் இருக்கிறதா என்று பெயிண்டை எடுத்தபின் பார்க்க வேண்டும். மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் அந்த ஃபோர்க் எடைக்குத்தான் போக வேண்டும். ஓட்டும்போது முன் ஃபோர்க் முறிந்தால் தலைகுப்புற விழுவது உறுதி. விரிசலின் மேல் பூசும் வண்ணம் அழகன்று, அது ஏமாற்று. அந்த வண்டியில் நாளை ஏறப்போவது நம் தம்பியாகவோ தங்கையாகவோ இருக்கலாமன்றோ?

“காலேஜ் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கிரீஸ் வேலை எதுக்கு?” என்று என் அம்மா கேட்டார்கள். அந்தக் கேள்வியில் கோபமில்லை, வலி இருந்தது. என் பெற்றோரின் விரல்கள் மருந்துக் கறையிலேயே வாழ்ந்தவை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கையாவது அழுக்காகாமல் இருக்கட்டும் என்பது அவர்கள் ஆசை. அந்த ஆசையை மதிக்கிறேன். ஆயினும் பட்டம் என்பது, நாம் எங்கிருந்து வந்தோம் என்பதை மூடும் பூச்சாக ஆகிவிடக் கூடாது. கூலிக்காகக் கட்டாயத்தில் கறைபடுவது வேறு; காரணம் அறிந்து, விரும்பி ஒரு பொருளைக் காப்பாற்றுவது வேறு. முன்னதிலிருந்து விடுதலை பெறவே படிக்கிறோம். பின்னதையும் சேர்த்து விட்டுவிட்டால் படிப்பால் என்ன பயன்?

பதினோராம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டிகள் எத்தனை வீட்டுத் திண்ணைகளில் துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கின்றன! அவற்றுக்கு ஷாக் இல்லாமல் இருக்கலாம். துருவின் வேதியியல் ஒன்றுதான். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை மிதிவண்டிச் சீரமைப்புக்கு ஒதுக்கலாம். ஊர் சைக்கிள் கடை அண்ணன் ஒருவரை ஆசானாக அழைக்கலாம். வேதியியல் மாணவர் துருவையும், இயற்பியல் மாணவர் சுருள்வில்லையும் ஊராருக்கு விளக்கலாம். பேராசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். உப்புத்தாளைக் கையில் எடுக்க மாணவ நண்பர்கள் கூச வேண்டாம். முதலில் சுரண்டுவோம், பிறகு பூசுவோம்!