கம்பெனி ரூட்டை மாத்தும்… நாம நடுரோட்டுல நிக்கணுமா?

"கேள்வி கேட்டா கம்பெனி ஓடிடும் ப்ரோ." வின்ஃபாஸ்ட் பத்தி எந்தப் பதிவு போட்டாலும் முதல் கமெண்ட் இதுதான். சரி தோழர்களே, நிஜமாவே ஓடிப்போன ஒரு கம்பெனி கதையை இன்னைக்குப் பேசுவோம். அது ஏன் ஓடுச்சுன்னு படிச்சுட்டு அப்புறம் கமெண்ட் போடுங்க.

நோக்கியா.

எங்க வீட்டுக்கு வந்த முதல் போன் நோக்கியா 1100. 2003-ல் சந்தைக்கு வந்த டார்ச் போன். நாசரேத் பக்கம் விடியுமுன்னே பனை ஏறப் போறவங்களுக்கும், வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போறவங்களுக்கும் அந்த டார்ச்தான் வெளிச்சம். தூசி புகாத கீபேடு, கீழே விழுந்தாலும் உடையாத உடம்பு. நல்ல போன். அதுல நமக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

அதே நோக்கியா 2005-ல் தமிழ்நாடு அரசோட ஒப்பந்தம் போட்டு, 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்குச்சு. சிப்காட்டில் 200 ஏக்கருக்கு மேல் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டல அந்தஸ்து, வரிச் சலுகைகள். எல்லாம் கொடுத்தோம். நேரடி வேலையில் மட்டும் உச்சத்தில் சுமார் 8,000 பேர் இருந்தாங்க. பெரும்பகுதி இருபதுகளில் இருந்த பிள்ளைகள், அதுல நிறையப் பேர் பெண்கள். கோடிக்கணக்கான போன் அவங்க கை வழியா உலகத்துக்குப் போச்சு.

2011 பிப்ரவரியில், நோக்கியாவின் புதுத் தலைவர் ஸ்டீபன் எலாப் சொந்த சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனுக்குத் தாவுவதா அறிவிச்சார். ஸ்ரீபெரும்புதூர் லைனில் நின்ன யாரையும் கேட்டு எடுத்த முடிவு இல்லை. 2013 செப்டம்பரில் போன் தொழிலையே மைக்ரோசாப்டுக்கு விற்க ஒப்பந்தம் ஆச்சு. 2014 ஏப்ரலில் கைமாறும்போது நம்ம ஆலையை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்க. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினாங்க. இருபத்தஞ்சு வயசுல விருப்ப ஓய்வு! 2014 நவம்பர் 1-ல் ஆலை நின்னுது. நோக்கியா ஆர்டரை நம்பியிருந்த பாக்ஸ்கான் ஆலையும் அந்த டிசம்பரில் உற்பத்தியை நிறுத்துச்சு. அடுத்த வருஷமே மைக்ரோசாப்ட் அந்த வாங்கலில் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதித் தள்ளுச்சு. அவங்களுக்கு அது கணக்குப் புத்தகத்துல ஒரு வரி.

"வரி கேட்டு விரட்டினாங்க"ன்னு ஒரு கூட்டம் சொல்லும். வரி வழக்கு உண்மைதான். வருமான வரித்துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது, மாநில வணிகவரித்துறை தனியா 2,400 கோடி கேட்டது, உச்ச நீதிமன்றம் 3,500 கோடிக்கு உத்தரவாதம் கேட்டது. ஆலை கைமாறாமப் போனதுக்கு அது காரணம். ஆனா கைமாறின ஆலைகள் என்ன ஆச்சு? ஹங்கேரியின் கோமாரோம் ஆலையை மூடுவதா 2014-லேயே மைக்ரோசாப்ட் அறிவிச்சது. சீனாவில் பெய்ஜிங், டோங்குவான் ஆலைகள் 2015-ல் மூடப்பட்டன. அங்கெல்லாம் எந்த வணிகவரித்துறை போய் விரட்டுச்சு?

இன்னும் பின்னாடி போங்க. 2008-ல் ஜெர்மனியின் போகும் ஆலையை மூடி உற்பத்தியை ருமேனியாவுக்கு நகர்த்தினதும் இதே நோக்கியாதான். மூணே வருஷத்தில் ருமேனியாவையும் மூடுறதா அறிவிச்சது. ஆனா ஒரு வித்தியாசம். ஜெர்மனியில் அந்த மாநில அரசு "நாங்க கொடுத்த மானியத்தைத் திருப்பிக் கொடு"ன்னு நிமிர்ந்து கேட்டது. நம்ம பேச வேண்டிய இடம் இதுதான்.

இந்தக் கம்பெனிகள் வியூகத்தை மாத்துறது புதுசில்லை. பூட்டிக் கிடந்த அந்த நோக்கியா வளாகத்தை ஆப்பிளுக்கு சார்ஜர் செய்யும் சால்காம்ப் எடுக்குதுன்னு 2019-ல் அறிவிப்பு வந்தது. 2020 அக்டோபரில் ஆப்பிள் ஐபோன் பெட்டியிலிருந்து சார்ஜரையே எடுத்துடுச்சு. அதைக் கிண்டல் பண்ணின சாம்சங், சில மாசத்திலேயே தன் பெட்டியிலிருந்தும் எடுத்துடுச்சு. (மீம் போட்ட நம்ம பசங்களுக்கு அது நல்லா ஞாபகம் இருக்கும்.)

இப்போ நம்ம மாவட்டத்துக்கு வருவோம். 2025 ஆகஸ்ட் 4-ல் தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்தாச்சு. மனசார வரவேற்கிறோம். 1878-லேயே மர்காஷிஸ் ஐயர் தொழிற்பள்ளி தொடங்கின ஊர் நாசரேத். அந்த ஊர்ப் பிள்ளைங்க டிப்ளமோ சர்டிபிகேட்டோட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறித்தான் வேலைக்குப் போகணும்ங்கிற நிலைமை மாறட்டும்.

ஆனா வின்ஃபாஸ்டின் தாய் நிறுவனமான வின்குழுமம் 2018-ல் போன் கம்பெனி ஆரம்பிச்சு, 2021-ல் போனையும் டிவியையும் நிறுத்தினது தெரியுமா? அடுத்த வருஷம் பெட்ரோல் காரையும் நிறுத்துச்சு. தப்புன்னு சொல்லலை, வியாபாரம் அப்படித்தான். நாளைக்கு இன்னொரு தடவை மாத்தினா தூத்துக்குடிக்கு என்ன பாதுகாப்புன்னுதான் கேட்கிறோம். சொன்ன வருஷம் வரைக்கும் சொன்ன வேலை இல்லேன்னா சலுகை திரும்ப வருமா? ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து இருக்கா? நிரந்தர வேலை எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனை?

அப்புறம் அந்த "யூனியன் வந்தா ஓடிடும்" நண்பருக்கு. சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் 37 நாள் வேலைநிறுத்தம் பண்ணினாங்க. 2025 ஜனவரியில் அவங்க சங்கம் பதிவாச்சு. அதுக்காக சாம்சங் ஆலையைத் தூக்கிட்டு ஓடலை. அதே சாம்சங் 2018-ல் டிவி உற்பத்தியை இங்கே நிறுத்தி வியட்நாமிலிருந்து இறக்குமதி பண்ணுச்சே, அப்போ காரணம் யூனியனா? இல்லை, டிவி பேனல் மேல போட்ட சுங்க வரி.

ஒப்பந்தத்தின் நகல் கேட்டு ஆர்டிஐ மனுவின் மாதிரியை முதல் கமெண்டில் போட்டிருக்கோம். உங்க பேர், முகவரி எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தலைமைச் செயலகம் தொழில் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்க. ரசீதை போட்டோ எடுத்து இதே பதிவுக்குக் கீழே போடுங்க.

#ஒப்பந்தத்தைக்_காட்டு
#நோக்கியாவை_மறக்கலை