மாடில்லா வீட்டிற்கும் எரிவாயு

பண்ணைக் கழிவிலிருந்து எரிவாயு பெறும் முறையைப் பற்றிய பேச்செழும்போதெல்லாம், கிராமங்களில் முதலில் கேட்கப்படும் கேள்வி, ‘வீட்டில் மாடு எத்தனை?’ என்பதே. நாளொன்றுக்கு 2 கனமீட்டர் வாயு தரும் கலத்திற்கு ஏறத்தாழ 50 கிலோ சாணம் வேண்டும். ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணமிடும். எனவே நான்கைந்து மாடுகளை உடையவரே இதற்குத் தகுதியுடையவர் என்று முடிவு செய்யப்படுகிறது. கணக்கில் பிழையில்லை; கேள்விதான் குறையுடையது. மாடில்லாத ஏழைக் குடும்பம் இக்கேள்வியாலேயே விலக்கப்பட்டுவிடுகிறது.

இக்கேள்வி பிறந்த காரணம் வரலாற்றிலுள்ளது. புதுதில்லி வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். வி. தேசாய் 1939-இல் மாட்டுச் சாணத்தைக் கொண்டே தம் சோதனைகளைத் தொடங்கினார். 1950களில் ஜஷ்பாய் பட்டேல் மிதக்கும் வாயுக்கொள்கலம் பொருத்திய அமைப்பை உருவாக்கினார். அதனைக் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு 1960களில் ஏற்றுப் பரப்பியது. ‘சாண எரிவாயு’ என்ற பெயரே நிலைத்தது. பெயர் நிலைத்ததால், சாணமின்றி வாயு இல்லை என்ற எண்ணமும் நிலைத்துவிட்டது.

கலத்தினுள் நடப்பதை நோக்கினால் இவ்வெண்ணம் தவறென்பது புலனாகும். காற்றுப் புகாத இடத்தில் ஒருவகை நுண்ணுயிர்கள் மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றைச் சிதைத்து அமிலங்களாக்குகின்றன. மற்றொரு வகை நுண்ணுயிர்கள் அவ்வமிலங்கள் முதலியவற்றிலிருந்து மீதேனை உண்டாக்குகின்றன. கிடைக்கும் வாயுவில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பகுதி மீதேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமிலவாயு. சாணம் என்பது மாடு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் வெளியேற்றும் மிச்சம். எளிதில் செரிக்கக்கூடியவற்றில் பெரும்பகுதியை மாடே எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஆனால் மீதேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சாணத்தில் உண்டு. ஆதலின் சாணத்தைத் தயிருக்கு இடும் உறைமோர்போலக் கருதுதல் பொருந்தும். உறைமோரே பால் ஆகிவிடாது.

இவ்வுண்மையை நடைமுறைக்குக் கொண்டுவந்த பெருமை புணேக்கு உரியது. அந்நகரிலுள்ள தகுந்த கிராமத் தொழில்நுட்பக் கழகத்தில், தாவரவியலறிஞர் ஆனந்த் கார்வே, கெட்டுப்போன தானியம், உண்ணாத விதைகள், பிண்ணாக்கு, உணவுக் கழிவு ஆகியவற்றால் இயங்கும் சிறு கலமொன்றை 2003-ஆம் ஆண்டையொட்டி வடிவமைத்தார். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டே அதன் உடல். 2006-இல் இம்முயற்சிக்குப் பிரிட்டனின் ஆஷ்டன் விருது கிடைத்தது. புணேயை ஒட்டிய பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் அமைந்த கசார்வாடி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் நான்கைந்து மாடுகளைக் கட்ட இடமுள்ள வீடு அரிது; தொட்டி வைக்குமளவு மொட்டைமாடி அரிதன்று.

அளவுகளை ஒப்பிடுதல் நலம். ஒரு கனமீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணம் தேவை. சோற்றுக் கழிவானால் ஏறத்தாழ 6 அல்லது 7 கிலோ போதும். அவ்வாயு சமையலுக்குரிய திரவ எரிவாயு அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவானதற்கு நிகராகும்.

எனினும் இதனை மிகைப்படுத்துதல் தகாது. சிறு குடும்பத்தின் சமையலறையில் நாள்தோறும் 6 கிலோ சோறு மிஞ்சுவதில்லை. காய்கறித் தோலில் பெரும்பகுதி நீரே. மேலும், மாவுப்பொருளை ஒரேயடியாகக் கொட்டினால் அமிலம் பெருகி, மீதேன் தரும் நுண்ணுயிர்கள் செயலிழந்து, கலம் புளித்துவிடும். வைக்கோலை அப்படியே இட்டாலும் பயனில்லை. அதிலுள்ள லிக்னின் எளிதில் சிதையாது, வைக்கோல் மேலே மிதந்து ஆடையாகப் படியும். குளிர் மிகுந்த மாதங்களில் வாயு குறையும். இவற்றைச் சொல்லாமல் கலத்தைக் கட்டிக் கொடுத்தால், சில மாதங்களில் அது வெறும் தொட்டியாகவே நிற்கும்.

2018-இல் நடுவண் அரசு தொடங்கிய கோபர்தன் திட்டம் சாணத்தையும் பண்ணைக் கழிவையும் ஒருங்கே கருத்திற்கொண்டது. கொள்கை விரிந்தும் களத்தில் கேட்கும் கேள்வி விரியாதிருத்தல் பொருத்தமன்று. ‘மாடு எத்தனை?’ என்பதற்கு மாறாக, ‘நாள்தோறும் தவறாமல் கிடைக்கும் கழிவு எது, எவ்வளவு?’ என்று களப்பணியாளர் கேட்டல் வேண்டும். ஒரு வாரம் அக்கழிவைத் தராசிலிட்டு நிறுத்துக் குறித்த பின்னரே கலத்தின் அளவை முடிவு செய்தல் முறை. தனி வீட்டிற்குப் போதாதது நான்கு வீடுகளுக்குச் சேர்ந்தால் போதும். மாணவர் விடுதி, காய்கறிச் சந்தை, மதிய உணவு சமைக்கும் பள்ளி ஆகியவை இன்னும் தகுந்த இடங்கள்.

பள்ளியைத் தனியே குறிப்பிடக் காரணமுண்டு. கழிவை நிறுத்தல், கரைத்து இடல், அமிலத்தன்மையை நிறமறி தாளால் சோதித்தல், வெளிவரும் குழம்பைப் பள்ளித் தோட்டத்திற்கு உரமாக்குதல் ஆகிய அனைத்தும் மாணவர் செய்யத்தக்கவை. வாயுவைப் பற்றவைக்கும் பணி மட்டும் ஆசிரியரிடமே இருத்தல் வேண்டும். அம்மாணவர்களுள் மாடில்லாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பர். இத்தொழில்நுட்பம் தம் வீட்டிற்கும் உரியதே என்பதை அவர்கள் அங்கேதான் முதன்முதலாகக் காண்பர்.